பனி பெய்யாத ஊரில் ஒரு பூட்ஸ் நிபுணர்

பனியே பெய்யாத ஊரில் பனிச்சறுக்கு நிபுணராக இருப்பதில் பெரிய வசதி ஒன்று உண்டு. மறுத்துப் பேச ஆள் இருக்காது. யாங்கோனில் (எங்கள் வீட்டில் இன்னமும் ரங்கூன்தான்) நான் அப்படி ஒரு நிபுணராக இருந்திருக்கிறேன். அந்தப் பதவி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அது போன விதத்தை எங்கள் தெருவில் இன்றுவரை யாரும் மறக்கவில்லை.

ஊரில் இன்டர்நெட் கடைகள் முளைக்கத் தொடங்கியிருந்த காலம். நான் இயற்பியல் பட்டதாரி. (தபாலில் படித்தேன். வருஷத்தில் சில நாள் கல்லூரிக்குப் போய்த் தலையைக் காட்டினால் போதும். ஐன்ஸ்டீனுக்கு அடுத்தது நான்தான் என்று உம்மா நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது.) பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, புறநகர் தின்கன்ஜூனிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நகரத்துக்குள் இருந்த சுலைமான் மாமா கடைக்கு வேலைக்குப் போனேன்.

மாமா விற்றது ஜப்பானியர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களை. மூட்டையாக வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வாங்க வேண்டும். பெரும்பாலும் சோறு வடிக்கும் குக்கர், குடை, குழந்தை வண்டி, திரைச்சீலை என்று உருப்படியாக ஏதாவது இருக்கும். அந்த மழைக்காலத்தில் வந்த பெரிய மூட்டையைப் பிரித்தபோது உள்ளே நீளமான வழுவழுப்பான பலகைகளும், பிளாஸ்டிக்கில் வார்த்த முரட்டு பூட்ஸ்களும் இருந்தன. பூட்ஸ் ஒவ்வொன்றும் ஒரு சின்ன குக்கர் கனம்.

"பலகை துணி தேய்க்கிறதுக்கு. பூட்ஸ் கால் ஒடிஞ்சவங்களுக்கு மாட்டுறதா இருக்கும்" என்றார் மாமா.

கல்லாவில் உட்கார்ந்திருந்த ஹசீனா, "ஒரு மூட்டை நெறைய கால் ஒடிஞ்சவங்களா வாப்பா?" என்றாள்.

ஹசீனா மாமாவின் மகள். அவளுக்கும் எனக்கும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்தது. ஆனால் மாமா வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை. 'பையன் கடைய நடத்துவானான்னு பாப்போம்' என்பதோடு நிறுத்தியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் ஊ போ டின் கடைக்கு வந்தார். கட்டடத்தின் சொந்தக்காரர். ('ஊ' என்பது பர்மாவில் பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்.) அறுபதைத் தாண்டியவர், கஞ்சி போட்ட சட்டை, பட்டு லுங்கி, எதிரில் இருப்பவர்கள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும்படியான நடை. கடையின் குத்தகை அந்த மாதத்தோடு முடிகிறது. போன் கடை வைக்க வேறொருவர் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மாமாவுக்குத் தெரியும். அதனால் மாமா நாற்காலியை இரண்டு முறை துடைத்துப் போட்டார்.

ஊ போ டின் உட்காரவில்லை. நேராகப் பலகைகளிடம் போனார். "என் மகன் அனுப்புற போட்டோவில இருக்கிறது இதுதான்" என்றார், பர்மிய மொழியில். மகனுக்கு வட ஜப்பானில் வேலையாம். இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டி, அதைப் பக்கவாட்டில் சாய்த்து, விளிம்பால் பனியைச் செதுக்கிக்கொண்டே வளைந்து வளைந்து இறங்குவானாம். அதற்கென்றே தனிப் பலகை, தனி பூட்ஸ். குளிர்காலத்தில் இவர் மகனைப் பார்க்கப் போகிறார். போய் இறங்கும்போதே சொந்தப் பலகையோடு இறங்கி மகனை அசத்த வேண்டும் என்று ஆசை.

"எனக்குப் பொருத்தமா ஒண்ணு எடுத்துக் குடுக்க முடியுமா?"

"நம்ம மருமவன் இதெல்லாம் படிச்சவன்" என்றார் மாமா.

நான் படித்தது இயற்பியல். அதுவும் தபாலில். அந்த இடத்தில் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஹசீனா பார்த்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை வாங்க ஊ, அளவு எடுத்துப் பூட்டித் தாரேன்" என்றேன்.

சனிக்கிழமை இன்டர்நெட் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. ஹார்டு பூட்ஸ் இறுக்கமாக இருக்க வேண்டும், வசதியாக இருந்தால் அது பெரிய சைஸ். பூட்ஸின் குதிகாலில் உள்ள நெம்புகோலைத் தள்ளினால் கணுக்கால் முன்பக்கம் சாய்ந்து நிற்கும். இந்தப் பலகைகள் ஒடுக்கமானவை, ஆகவே பாதங்களைக் குறுக்கே வைக்காமல் முன்பக்கம் திருப்பிப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் விரலும் குதிகாலும் வெளியே நீட்டிக்கொண்டு பனியில் இடிக்கும். எந்தக் கால் முன்னால் என்று தெரியாவிட்டால், ஆள் எதிர்பாராத நேரத்தில் பின்னாலிருந்து தள்ளவும். எந்தக் காலை எடுத்து வைக்கிறாரோ அதுவே முன்கால். பலகையின் அடியில் மெழுகு தேய்க்கவும்.

அத்தோடு கரண்ட் போனது. "மீ பியெட்" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டு மெழுகுவர்த்தியைத் தேடினார். பக்கத்தின் கீழ்ப்பாதி என்ன சொல்கிறது என்று பார்க்க நான் காத்திருக்கவில்லை. மேதைகளுக்கு மேல்பாதி போதும்.

ஞாயிறு காலை மழை கொட்டியது. ஊ போ டின் குடையோடு வந்தார். நான் புதுக் கைலி கட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தி, கையில் திருப்புளியோடு நின்றேன். (பேனா எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.)

"முதல்ல அந்தக் குடையெல்லாம் பாருங்க ஊ" என்றேன். அவர் திரும்பினார். பின்னாலிருந்து தள்ளினேன்.

பர்மாவில் ஒரு பெரியவரை, அதுவும் வீட்டுக்காரரைப் பின்னாலிருந்து தள்ளுவது எப்படிப்பட்ட காரியம் என்று விளக்க வேண்டியதில்லை. அவர் இடது காலை எடுத்து வைத்தார், வலது காலையும் எடுத்து வைத்தார், அப்புறம் குடைகளுக்குள் போய் விழுந்தார். மாமாவின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் ஆனது.

"இடது கால்தான் முன்னால" என்று அறிவித்தேன்.

"அதக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார் ஊ போ டின், சட்டையைத் தட்டிவிட்டபடி.

அடுத்தது பூட்ஸ். ஆயுள் முழுக்கச் செருப்பு மட்டும் போட்டு அகன்ற கால் அவருக்கு. சரியாக இருக்கும் போலத் தெரிந்த ஜோடியை ஒதுக்கிவிட்டு, அதைவிடச் சின்னதை எடுத்தேன். மாமா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து, பூட்ஸுக்குள் காலை, மெத்தைக்கு உறை போடுவது போல் திணித்தோம்.

"விரலெல்லாம் மடங்குது."

"அதான் சரியான அளவு ஊ. வசதியா இருந்தாத்தான் தப்பு."

அவர் நம்பினார். நான் சொன்ன விதம் அப்படி. குதிகால் நெம்புகோலை முழுக்கத் தள்ளினேன். இப்போது அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. உட்காரப் போய், பாதியில் ஏதோ நினைவு வந்து நின்றுவிட்டவர் போலக் காட்சியளித்தார்.

பலகையில், ஆளின் எடைக்கு ஏற்ற விறைப்பு, நீளம் என்று என்னென்னவோ பார்க்க வேண்டும். நான் பார்த்தது அதன்மேல் இருந்த கழுகுப் படத்தை. இருந்ததிலேயே நீளமான பலகை அது. பூட்ஸைப் பிடிக்கும் தட்டுகளை முதலில் குறுக்காக முடுக்கிவிட்டேன். கூடைக்கு வெளியே மீன்வால் நீட்டிக்கொண்டிருப்பது போலப் பாதங்கள் இரண்டு பக்கமும் நீட்டின.

"ஜமாலு, அது வெளிய இடிக்காது?" என்றாள் ஹசீனா.

"அதத்தான் இப்பச் சரி பண்ணப் போறேன்" என்று, அப்போதுதான் ஞாபகம் வந்ததைக் காட்டிக்கொள்ளாமல், எல்லாவற்றையும் கழற்றித் திருப்பி முடுக்கினேன். அந்த அவசரத்தில் பூட்ஸைக் கவ்வும் கம்பிகளை முன்பின்னாக மாற்றி மாட்டிவிட்டேன். அது அப்போது தெரியவில்லை. அடியில் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்தேன். எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மெழுகுவர்த்திக்குப் பஞ்சம் கிடையாது.

பலகையில் பூட்டப்பட்டு நின்ற ஊ போ டின்னுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடை வாசலில் கைவண்டி ஏற்றுவதற்குச் சாய்வாக இரண்டு மரப்பலகைகள் கிடக்கும். மழைக்காக அவற்றின்மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்திருந்தோம்.

"அந்தச் சரிவில சும்மா நின்னு பார்க்கலாமா?"

"நல்ல யோசனை ஊ" என்றேன். "நான் பிடிச்சுக்கிறேன்."

மாமாவும் நானும் அவரைப் பலகையோடு நகர்த்தி வாசலுக்குக் கொண்டுபோனோம். பலகையின் மூக்கு தார்ப்பாயைத் தொட்டது. ஈரமான பிளாஸ்டிக்கும் மெழுகும் சந்தித்தால் என்ன ஆகும் என்பது இயற்பியல் பாடத்திலேயே இருந்தது. படித்த ஞாபகமும் இருக்கிறது. பலகை என் கையைவிட்டு நழுவியது. ஊ போ டின் பிடிமானத்துக்கு எதையாவது பற்ற வேண்டுமே, கைக்கு எட்டிய என் கைலியைப் பற்றினார்.

அவர் போனார். கைலியும் கூடப் போனது.

அவர் விழவில்லை. அதுதான் ஹார்டு பூட்ஸின் மகிமை. விழ நினைத்தாலும் விடாது. அரை உட்கார்ந்த நிலையிலேயே கம்பீரமாகச் சரிவில் இறங்கி, தண்ணீர் தேங்கிய குறுகலான தெருவைக் கடந்து, எதிரே இருந்த டீக்கடையின் குட்டி முக்காலிகளைச் சிதறடித்து, மேசை ஓரத்தில் போய் நின்றார். கையில் என் கைலி கொடி போலத் தொங்கியது.

இந்தப் பக்கம், வாசலில் நான். உம்மா எனக்கு உள்ளே போட்டுக்கொள்ள அரைக்கால் சட்டைகள் தைத்துக் கொடுத்திருந்தார். துணி, மாமாவின் பழைய மூட்டையில் வந்த குழந்தைகள் அறைத் திரைச்சீலை. அதில் மஞ்சள் வாத்துகள் வரிசையாக நீந்தும்.

ஊ போ டின் எதிரில் சிரிக்க யாருக்கும் துணிவில்லை. அவர் கையிலிருந்த கைலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாத்துகளைப் பார்த்தார்.

"தம்பி, இது உன்னோடதா?" என்று கேட்டார்.

அதன்பிறகு தெருவே சிரித்தது. பக்கத்திலிருந்த குடை ஒன்றை உருவி முன்னால் விரித்தேன். அது ஐந்து வயதுப் பிள்ளைக்கான குடை. ஹசீனா கல்லாவுக்குப் பின்னால் காணாமல் போனாள். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கைலியை மீட்டுக் கட்டிக்கொண்டு போய்ப் பலகையைக் கழற்றப் பார்த்தால் கம்பிகள் திறக்கவில்லை. பூட்ஸின் கொக்கிகளும் அசையவில்லை. உள்ளே கால் வீங்கத் தொடங்கியிருந்தது. ஊ போ டின் பலகையோடு முக்காலியில் உட்கார்ந்தார். முக்காலி குட்டி, பூட்ஸோ முன்னால் தள்ளுகிறது; முழங்கால்கள் அவர் மோவாயைத் தொட்டன. மாமா மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றார். நான் சேற்றில் மண்டியிட்டுத் திருப்புளியால் குடைந்தேன்.

"ஒரு டீ குடுங்க. பால் கொஞ்சம் தூக்கலா" என்றார் ஊ போ டின் கடைக்காரரிடம்.

டீயைக் குடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முட்டை ஓடு உடைவது போல ஒரு சத்தம். இடது பூட்ஸ் துண்டு துண்டாகச் சிதறியது. வலது பூட்ஸும் உடனே அதைப் பின்பற்றியது. செக்கச் சிவந்த இரண்டு பாதங்கள் வெளியே வந்தன. (ஹார்டு பூட்ஸ் போடாமலே வைத்திருந்தாலும் பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் நைந்து உடையும், பழசை யாருக்கும் மாட்டாதீர்கள் என்பது அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில், பிறகு நான் போய்ப் படித்தபோது, இருந்தது. உள்மெத்தையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, குதிகாலுக்குப் பின்னால் விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அளவெடுக்கும் முறை என்பதும்.)

"கடை விஷயமா நாளைக்கு வீட்டுக்கு வாங்க. இவனையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு மழையில் நடந்து போனார்.

அன்று மதியம் மாமா சாப்பிடவில்லை. கடையின் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், எதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது போல. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வாத்துகளை மறந்துவிட்டேன்.

மறுநாள் போனோம். நான் பேன்ட் போட்டுக்கொண்டு போனேன். ஊ போ டின்னின் மனைவி கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்ததும் முந்தானை இல்லாத குறைக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். ஊ போ டின் கால்களை வெந்நீரில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு. நேத்து என்ன நடந்ததுன்னு நீயே சொல்லு. இவளுக்குக் கேக்கணுமாம்."

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இன்டர்நெட் கடையில் பாதிப் பக்கம்தான் படித்தேன் என்று வந்த இடத்தில் அவர் வெந்நீர் சிந்தச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "என்னை இத்தன வருஷத்தில யாரும் பிடிச்சுத் தள்ளினதில்ல. எல்லாரும் வழிவிட்டுத்தான் பழக்கம்" என்றார். குத்தகையைப் புதுப்பித்துக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் கடையில் நான் யாருக்கும் எதையும் மாட்டிவிடக் கூடாது.

கடை தப்பியது. என் கல்யாணம்தான் தொங்கலில் நின்றது. வீட்டில் மாமா ஹசீனாவிடம் கேட்டார்: "இவனையா புள்ள கட்டிக்கிறே?"

"வேற யாரு வாப்பா கட்டுவா? தெருவே பாத்துருச்சு" என்றாள் அவள்.

நிக்காஹ்வுக்கு ஊ போ டின் ஜப்பானிலிருந்து திரும்பிய கையோடு வந்தார். அங்கே கடைக்காரரும் அவரைத் தோளில் லேசாகத் தள்ளித்தான் முன்காலைக் கண்டுபிடித்தாராம். உன் படிப்பில் ஒரு வரியாவது சரிதான் என்று சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு ஒரு பெட்டியை நீட்டினார். அழகான தோல் பெல்ட். "கைலிக்கு மேல கட்டிக்கோ" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெல்ட்தான் அன்பளிப்பு. பெருநாளோ, பேரிடப் போன வீடோ, எங்கிருந்தாவது ஒரு பெல்ட் வரும். அலமாரிக்குள் பாம்புகள் போலச் சுருண்டு கிடக்கின்றன. போன பெருநாளைக்கு ஹசீனாவின் சித்தி மகளுக்குப் புதிதாக வாய்த்த மாப்பிள்ளை, மாவ்பி என்ற வெளியூரிலிருந்து வந்தவர், தயங்கித் தயங்கி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

"என்னான்னு தெரியல பாய். உங்களுக்கு இதத்தான் வாங்கணும்னு சொல்லிட்டாங்க."

"உக்காருங்க மாப்பிள்ளை, சொல்றேன்" என்று நான் ஆரம்பித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு ஹசீனா கையைத் துடைத்தபடியே வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள். நான் சொன்னால் முக்கியமான இடத்தை விட்டுவிடுவேனாம்.