மினிமம் ஐயா அடைத்த ஓட்டை

பிள்ளைகளா, வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்த மாதத்துக்கும் கரண்டு பில் ஏன் வருகிறது என்று கேட்டீர்களே, அதற்கு ஒழுங்காகப் பதில் தெரிந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் மேல்மலைக் கிராமத்தில் ஒருவருக்கும் தெரியாது. மீட்டர் கணக்கெடுக்க வருவார். வாயைத் திறந்தால் 'மினிமம் சார்ஜ்' என்பார்; அதனால் மினிமம் ஐயா. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம், ஊருக்குக் கரண்டு வந்த புதிது. இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மழைக்கோட்டு. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் "எல்லா லைட்டையும் அணைங்க!" என்று ஒரு சத்தம் போடுவார். பிறகு மீட்டருக்குள் சுற்றும் தகடு நின்றுவிட்டதா என்று மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார். எங்காவது கரண்டு கசிந்து நம் காசு வீணாகிவிடக் கூடாதாம். பக்கத்து வீட்டுக்காரி, "உள்ள ஏதும் சாமி இருக்குங்களா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூண்டு மூட்டை சுமக்கக் குதிரை வைத்திருந்த வீரணன் ஒருநாள் அவரிடம் சண்டைக்கு வந்தான்.

"மாசம் பூரா வீடு பூட்டிக் கெடக்கு. ஒரு பல்பு எரியல. எதுக்குங்க காசு?"

"நீ பூண்டு ஏத்தாத நாள்ல ஒன் குதிரை பட்டினியாவா கெடக்கு?"

"அதெப்படி? புல்லு போட்டாத்தான நாளைக்கு நடக்கும்?"

"கம்பமும் கம்பியும் அப்படித்தாம்லே. நீ எப்பத் தட்டுனாலும் எரியணும்னா அது எப்பவும் நிக்கணும். அந்தப் புல்லுக்காசுதான் மினிமம். எரிக்கிறதுக்கு யூனிட் காசு தனி."

"குதிரை லத்தியாச்சும் போடும், வயலுக்கு ஆகும். ஒங்க கம்பம் என்னத்தப் போடும்?"

ஊரே சிரித்தது. மினிமம் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "நியாயமான கேள்வி. கேட்டுச் சொல்றேன்" என்று போனார். அடுத்த முறை வந்ததும், நேராக வீரணன் வீட்டுக்குப் போய், "ஒண்ணும் போடாதாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டின் முன்னறைதான் டீக்கடை. கரண்டு பின்னால் இருந்த வீட்டுக்கு மட்டும், ஒரே ஒரு பல்பு. அதுவே பெரிய வாழ்வு. சிம்னி விளக்குப் புகையில் தொட்டிலில் கிடந்த பெரியவன் இருமிக்கொண்டே இருப்பான். பல்பு வந்த பிறகுதான் உங்கள் அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். நான் சும்மா இருந்தேனா? நடுச்சுவரில் ஓட்டை போட்டுப் பல்பை அதற்குள் தொங்கவிட்டேன். பாதி வெளிச்சம் வீட்டுக்கு, பாதி கடைக்கு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் வெள்ளனே மினிமம் ஐயா வந்து நின்றார்.

"ஏலே தம்பி, இது சோறாக்குற பல்பா, சம்பாதிக்கிற பல்பா?"

"ரெண்டுந்தாங்க."

"வீட்டுக்கு ஒரு ரேட்டு. யாவாரத்துக்குக் கூடுதல் ரேட்டு. ஒரே மீட்டர்ல கடை வெளக்கு எரிஞ்சா முழுசுக்கும் கடை ரேட்டுத்தான்."

அது எனக்குக் கட்டுப்படியாகாது. "பாக்காத மாதிரி போயிருங்க சார்" என்று கெஞ்சினேன்.

"பாத்துட்டனேலே! பொய் எழுதச் சொல்றியா?"

உங்கள் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "அப்ப வயரைப் புடுங்கிட்டுப் போங்க. எம்புள்ள பழையபடி பொகையில கெடந்து இருமட்டும்."

அவர் தொட்டிலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மழைக்கோட்டைக் கழற்றினார். பிறகு ஒரு ஸ்வெட்டர். பிறகு இன்னொன்று. அத்தனைக்கும் உள்ளே இருந்த மனிதர் இவ்வளவு ஒல்லியா என்று நான் அசந்துபோனேன்.

"மண்ணு எங்க கெடக்கு? வெரசா கொண்டா."

தானே மண்ணைக் குழைத்து, கல்லை வைத்து, ஓட்டையை அடைத்துப் பூசினார். கடைக்குள் வந்து நின்று பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை என்று பார்த்துக்கொண்டார். புத்தகத்தில் வீட்டு ரேட்டு என்றே எழுதினார். எழுதிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நேத்து ஒரு நாள் எரிஞ்சிருச்சே. ஒரு நாளைக்கு மட்டும் கடை ரேட்டுப் போட ஆபீஸ்ல ஃபாரம் இல்லையே!"

அந்தக் கவலையோடு இருட்டில் உட்கார்ந்து டீ குடித்தார். காசும் கொடுத்தார்.

பெரியவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் கடைக்கென்று தனி மீட்டர் வாங்கினேன், முறைப்படி கடை ரேட்டில். மினிமம் ஐயா இரண்டு மீட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இனிமே ரெண்டு மினிமம் கட்டணும், தெரியும்ல?" என்றார், எனக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த மாதிரி.

அதுதான் அவர் கடைசியாக வந்தது. ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றல் வந்துவிட்டதாம். "அங்கன சந்தை பூராம் கடை ரேட்டுத்தான். எழுதியே கை போயிரும்" என்று சிரித்தார். கிளம்பும்போது, "வர்றேங்க முதலாளி" என்றார். என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

ஜீப் சத்தம் வளைவில் தேய்ந்து போனது. கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஸ்டூலைப் போட்டு ஏறினேன். இரண்டு மீட்டர்க் கண்ணாடியிலும் படிந்திருந்த கரியைத் துண்டால் துடைத்தேன். எண்கள் பளிச்சென்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தேன்.