சமுத்திரம் சுட்ட சுண்ணாம்பு

கோலார் தங்க வயலுக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்கத்தைத் தேடினார்கள். கடலைத் தேடிய ஒரே மனிதர் எங்கள் சமுத்திரம்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பதும் எனக்குச் சந்தேகம்.

மரக்காணத்துப் பக்கம் கடற்கரையில் பிறந்தவர். சோழமண்டலக் கரையை வெள்ளைக்காரன் 'கோரமண்டல்' என்பான் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெயரில் ஓர் இடம், அங்கே வேலையும் உண்டு என்று யாரோ சொன்னதும், அது கடலோரம்தான் என்று முடிவு கட்டி ரயில் ஏறிவிட்டார். தங்க வயலுக்குள்ளேயே இருக்கும் எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியவர் கேட்ட முதல் கேள்வி, "கடல் எந்தப் பக்கம்ங்க?"

போர்ட்டர் நெடுநேரம் யோசித்துவிட்டு, புதிதாக வந்த எவருக்கும் காட்டுவதைப்போல் சுரங்கத்தைக் காட்டினான்.

கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதிக்கும் ஆபீசில் அவருக்குக் கல் இடிக்கிற வேலை கிடைத்தது. அங்கிருந்த துரை ஒருநாள் நல்ல மனநிலையில், "இந்தப் பக்கத்துக் கற்களில் சில, ஒரு காலத்தில் கடலடிச் சேறு" என்று சொல்லித் தொலைத்தார். அன்றோடு மனிதர் கெட்டார். ஊருக்குக் கோரமண்டல் என்று பெயர் வைத்தவன் காரணமில்லாமல் வைக்கவில்லை என்று ஆனந்தப்பட்டுப் போனார். அப்புறம் வழியில் கிடந்த கல்லையெல்லாம் எடுத்து நக்க ஆரம்பித்தார். கேம்ப்பில் அவர் நாக்குப் படாத கல், சர்ச்சின் அஸ்திவாரக் கல் ஒன்றுதான். அதுவும் பாதிரியார் பார்த்துக்கொண்டிருந்ததால்.

நான் அப்போது டைம் ஆபீஸ் குமாஸ்தா. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனிலேயே கடைசி வீடு அவருடையது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இன்னாங்க, கல்ல நக்கினு கீறீங்க?"

"உப்பு கீதான்னு பாக்கறேன் தம்பி."

"கீதா?"

"இல்ல. அதனாலதான் சொல்றேன், இது கடலு."

"உப்பு இருந்திருந்தா?"

"அப்பவும் கடலுதான்."

எனக்குத் தலை சுற்றியது. அவர் பொறுமையாகக் குந்தி உட்கார்ந்தார். "கடலடில சேறு படியுது. அதுமேல இன்னும் சேறு. அப்பால பூமி ரெண்டு பக்கமும் நெருக்குது, மலை எழும்புது. உள்ள மாட்டிக்கின சேத்துக்கு ஒரே அழுத்தம், ஒரே சூடு. தண்ணி ஓடிப்பூடும், உப்பும் பூடும். களிமண்ணு மினுமினுக்கற காக்காப்பொன்னா மாறிடும்."

"அப்போ சேறு எங்க?"

"அதான் காக்காப்பொன்னு."

"கடலு?"

"அதுமேலதான நின்னுகினு கீற."

நான் ஒரு காலைத் தூக்கிக்கொண்டேன்.

இப்படி இருக்கையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் குடியாத்தம். கல்யாணம் எங்கள் வீட்டில். அந்தச் சமயம் பார்த்துப் பெங்களூரில் பிளேக். ஊர் ஊராக வீடுகளுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி உத்தரவு. கிடைத்த சுண்ணாம்பெல்லாம் வண்டி வண்டியாக அங்கே போய்விட்டது. எங்கள் கடைத்தெருவில் வெற்றிலைக்குத் தடவக்கூட இல்லை. வெள்ளையடிக்காத வீட்டைக் கண்டாலே ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய காலம் அது. பெண் வீட்டார் வாசலோடு திரும்பிப் போய்விடுவார்களே என்று அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"நான் கீறேன்" என்று வந்தார் சமுத்திரம்.

மாரிகுப்பத்துக்கு அப்பால் ஒரு சரிவில் வெள்ளைக் கல் பட்டையாக ஓடுகிறதாம். ஆபீசிலிருந்து திராவகம் கொண்டுபோய்ச் சொட்டுவிட்டாராம். புஸ்ஸென்று நுரைத்ததாம். "நுரைச்சா சுண்ணாம்புக் கல்லுதான். நாங்க பரம்பரையா சுண்ணாம்பு சுட்டவங்க" என்றார். லைனே திரண்டு கல் சுமந்தது. ஆளுக்குக் கொஞ்சம் கரி கொடுத்தார்கள். எங்கள் வீட்டை ஒட்டியே சூளை எழுந்தது. எரிந்தது, எரிந்தது, அப்படி எரிந்தது. கொஞ்சநஞ்சம் வெளுப்பாயிருந்த எங்கள் பக்கச் சுவரும் புகை பிடித்து அட்டைக்கரியாயிற்று.

சூளையைப் பிரித்தார்கள். கல் கல்லாகவே இருந்தது. சமுத்திரம் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். வெந்த சுண்ணாம்பானால் கொதித்துச் சீறிப் பொடியாக வேண்டும். ஒரே ஒரு மூலையில் 'புஸ்' என்று பூனை தும்மியதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"கல்லைக் குளிப்பாட்டவா இவ்ளோ கரி?" என்றார் அப்பா.

சமுத்திரம் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு துரையிடம் ஓடினார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், மாப்பிள்ளையான என் முகத்தில்கூட இல்லை.

"நமக்கு முந்தியே மலை சுட்டுடுச்சிங்க! கடலடில சுண்ணாம்பும் மணலும் கலந்து கெடந்துகீது. மலை எழும்பின சூட்டுல, சுண்ணாம்புல இருந்த காத்து அப்பவே பூட்ச்சி. சுண்ணாம்பும் மணலும் ஒண்ணாக் கூடி வேற கல்லா ஆயிடுச்சி. ஓரத்துல கொஞ்சம் கூடாம நின்ன சுண்ணாம்பு கீது பாருங்க, அதுலதான் நான் திராவகம் ஊத்திட்டேன். மிச்சமெல்லாம் கல்யாணம் ஆனாப்பல. இனிமே பிரிக்க முடியாது!"

"நான் என் பையன் கல்யாணத்தக் கேக்கறேன்" என்றார் அப்பா. "இது சுண்ணாம்பா, இல்லியா?"

"சுண்ணாம்புதாங்க. ஆனா சுண்ணாம்பு இல்ல."

அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே அம்மாவின் விசும்பல் கேட்டது. அப்போதுதான் சமுத்திரத்தின் முகத்திலிருந்த சந்தோஷம் இறங்கியது. தன் வீட்டுக்குப் போனார்.

ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். திறந்தால் உள்ளே முழுக்கக் கிளிஞ்சல். என்றைக்காவது இந்த ஊர்க் கல்லில் கிளிஞ்சலின் அச்சு தென்படும், பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்கலாம் என்று தன் ஊர்க் கரையிலிருந்து பொறுக்கி வந்தவையாம். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி வைத்திருந்தார். துணிகளை நிதானமாகப் பிரித்தார். பெட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் சூடு ஆறாத சூளையில் கொட்டி, மறுபடி கரி போட்டார்.

"ஏங்க, அத்த ஏன்?" என்று பதறினேன்.

"இதுவும் சுண்ணாம்புதான் தம்பி. இதுமேல மலை ஏறலியே. இது வேவும்."

வெந்தது. சாயங்காலம் தண்ணீர் ஊற்றியபோது அது சீறிய சீறலில் கோழியெல்லாம் கூரையேறின. பூப்போல வெள்ளைச் சுண்ணாம்பு. முன்சுவர் ஒன்றுக்குத்தான் போதுமானது. அவரே வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்து அடித்தார்.

மறுநாள் பெண் வீட்டார் வந்தார்கள். என் மாமனார் முன்சுவரைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார், உள்ளே வந்து உட்கார்ந்தார். கல்யாணம் நடந்தது. முதல் வாரத்திலேயே என் மனைவி கேட்டாள், "இன்னாங்க இது, முன்னால மல்லிப்பூவாட்டம் கீது, பக்கத்துச் சுவரு மட்டும் கரியா கீது?" விளக்கலாம் என்று ஆரம்பித்தேன். கடல், சேறு, மலை, சூடு என்று போய், சுண்ணாம்புக்கும் மணலுக்கும் கல்யாணம் என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் குழம்பிவிட்டது. இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டியதில்லை.

எத்தனையோ தடவை அவர் சொல்லி, ஒரு தடவைகூட எனக்குப் புரிந்ததில்லை. "இன்னொரு தபா சொல்லுங்க" என்று கேட்கத்தான் இப்போது அவர் இல்லை.