வெள்ளோட்டத் தாள்

இரண்டாம் தாளின் ஏழாவது கணக்கிலேயே சிக்ஸ்டனுக்கு மூளை நின்றுவிட்டது.

உப்சாலா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று அவன் இந்த நுழைவுத்தேர்வை எழுதுவது நான்காவது முறை. இதையும் கோட்டைவிட்டால் நேராக அக்கா புருஷனின் டயர்க் கடைதான். அக்டோபர் மாதம் வேறு. குளிர்கால டயர் மாற்ற ஊரே வரிசையில் நிற்கும்.

மொத்தம் ஐந்து தாள். அதில் ஒன்று வெறும் வெள்ளோட்டம், புதுக் கேள்விகளைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு. அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அது எந்தத் தாள் என்று மட்டும் சொல்லித் தொலைக்க மாட்டார்கள்.

பக்கத்து மேசையில் நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியே பிர்ச் மரத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

'ஆகா, இதுதானா அந்த வெள்ளோட்டம்!' சிக்ஸ்டனும் பென்சிலை வைத்தான். கொண்டுவந்த இலவங்கப்பட்டை பன்னை நிதானமாகச் சாப்பிட்டான்.

இடைவேளையில் நண்பன் எப்பேவைப் பிடித்தான்.

“டேய், அந்தக்கா ஒரு வரி எழுதலடா!”

“அவங்களா? நான் எப்ப வந்தாலும் இருப்பாங்கடா. பழந்தின்னு கொட்டை போட்டவங்க. அவங்க எழுதினா எழுது, படுத்தா படு!”

மூன்றாம் தாள். பெண்மணி கண்ணை மூடிக்கொண்டாள்.

சிக்ஸ்டன் குழம்பினான். இதுதான் வெள்ளோட்டம் என்றால், பன் தின்ற தாள்? அதை அவள் பத்தே நிமிடத்தில் முடித்திருப்பாளோ? இதை யோசித்து முடிப்பதற்குள் நேரமும் முடிந்தது.

நான்காம் தாளில் குறட்டையே கேட்டது.

“வெள்ளோட்டம் ஒண்ணுதானே!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டான்.

கண்காணிப்பாளர் ஓடிவந்தார். “இன்னொரு சத்தம் வந்துச்சு, வெளிய அனுப்பிடுவேன்!”

பயத்தில் பாதி விடைகளை ஒரு கட்டம் தள்ளிக் கறுப்பாக்கினான். அதை அழிக்கப் போய் விடைத்தாளே கிழிந்தது.

ஐந்தாம் தாளில் அவள் பென்சிலை எடுத்தாள். அப்பாடா! சிக்ஸ்டன் வெறி பிடித்தவன் போல எழுதினான். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கேள்வித்தாளின் ஓரத்தில் பூனை வரைந்துகொண்டிருந்தாள். மீசைகூட வைத்தாகிவிட்டது.

மணி அடித்ததும் வராந்தாவில் அவளை மறித்துக்கொண்டான்.

“அக்கா, என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு. எது வெள்ளோட்டம்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

அவள் சோம்பல் முறித்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

“எனக்கென்ன தெரியும் தம்பி? வீட்ல மூணு வாண்டுங்க. நாள் பூரா யாரும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கிற இடம் ஊர்லயே இது ஒண்ணுதான், அதான் ஃபீஸ் கட்டி வந்து தூங்கிட்டுப் போறேன்!”