பூஜையில் வைத்த பதினோரு கத்திகள்

தெரியாத விஷயத்தால் நான் அவமானப்பட்டது குறைவு. தெரியாது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். என்னைத் தலைகுனிய வைத்ததெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள்தாம்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது மடக்குக் கத்தி. ஒரே பிடிக்குள் இரண்டு, மூன்று, நான்கு பிளேடுகள் மடங்கிக் கிடக்குமே, அந்தப் பழைய காலத்துக் கத்தி. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தினமும் தீவிலிருந்து ஃபெர்ரி ஏறி, அக்கரையில் பட்டர்வொர்த்தில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன் நான். ஆனால் கத்தி என்றால் எந்தப் படித்தவரையும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பேன். (யாரும் உட்கார்ந்ததில்லை.)

உட்கார்ந்த ஒரே ஆள் காதர் பாய். பக்கத்துத் தெரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் இறைச்சி வெட்டுகிறவர். அவருக்கும் இதே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் சந்தையில் இருவரும் துழாவுவோம். பிறகு நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த தே தாரிக் டீயை ஆறவிட்டு, யாருடையது உசத்தி என்று ஒப்பிடுவோம். மூடும்போது ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். ‘டொக்’ என்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் ஒரு கோடு ஒளிகூடத் தெரியக்கூடாது. எங்கள் இருவருக்கும் இதில் சண்டைகூட வந்திருக்கிறது.

அந்த வருடம் என் மனைவி தேவி புதுத் தையல் மிஷின் வாங்கியிருந்தாள். கடையில் கூலிக்குத் தைத்தது போதும், இனி வீட்டிலேயே சொந்தமாக என்று முடிவு. தீபாவளிக்கு ரவிக்கை தைக்கச் சொல்லித் துணிகள் வந்து குவிந்துவிட்டன. ஆனால் மிஷினில் ஒரு தையல்கூட அவள் போடவில்லை. நவராத்திரி ஒன்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடு, விரதம். ஆயுத பூஜையில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் ஊசியில் நூல் கோப்பது என்று இருந்தாள். இந்தத் தொழில் நிலைக்க வேண்டுமே என்று அவள் அம்மனிடம் அழுததை நான் கேட்டிருக்கிறேன்.

பூஜையன்று காலை மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம் எல்லாம் வைத்தாள். எனக்கும் பக்தி பொங்கியது. என் ஆயுதம் ஃபோர்க்லிஃப்ட். அதை ஃபிளாட்டின் ஏழாவது மாடிக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே என் பதினோரு கத்திகளையும் எடுத்து, எல்லாப் பிளேடுகளையும் விரித்து, மயில்தோகை போல மிஷினுக்கு முன்னால் அடுக்கினேன். பிளேடுக்கு ஒரு பொட்டு. பிடி அழகாக இருந்ததால் பிடிக்கு இரண்டு பொட்டு.

சுங்கை பாக்காப்பிலிருந்து தேவியின் அக்கா வந்தார். வருடா வருடம் சுண்டலுக்கு வரும் காதர் பாயும் குளித்து வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் கற்பூரம் காட்ட வேண்டும். மணி பதினொன்றேகால். சுண்டல் தாளிக்கும் நேரம் மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“தம்பி, ஒரு கத்திக்கு எதுக்கு மூணு பிளேடு?” என்று அக்கா கேட்டார்.

வாழ்நாளில் என்னை யாருமே கேட்காத கேள்வி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இந்த நீட்டு பிளேடு கயிறு அறுக்கக்கா. இந்த மொட்ட பிளேடு மரம் சீவ. இந்த நுனி உருண்டது இருக்கு பாருங்க, இது மாட்டுப் பண்ணையில கன்னுக்குட்டிக்கு...”

பாய் இருமினார்.

“...காயடிக்க.”

அக்கா சாமி படத்தைப் பார்த்தார். பிறகு பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, “பிடி நல்லா இருக்கு. மரமா?” என்றார்.

“மரமா? மரம்னா வெடிச்சிரும்க்கா! இது எலும்பு. மாட்டோட கால் எலும்பு. அதான் கெட்டி. அதுல வரி போட்டு, சாயம் ஏத்தி...”

என் கால் விரலை யாரோ நசுக்கினார்கள்.

“ஏன் பாய் மிதிக்கிறீங்க?”

“அண்ணே, சும்மா இருங்க லா,” என்றார் பாய், உதடு அசையாமல்.

அப்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மாட்டெலும்பு என்பது பல வருடங்களாக எனக்குத் தெரியும். கைப்பேசியில் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் அந்த மாடும் நாம் கும்பிடும் மாடும் ஒரே மாடு என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

தேவி சுண்டல் சட்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“இதுல எத்தன மாடு?”

“பதினொண்ணுல ஒம்பது,” என்றேன்.

“இத வச்சு இதுக்கு முன்னாடி என்னென்ன வெட்டுனீங்க?”

சாமிக்கு முன்னால் பொய் சொல்ல எனக்கு வராது. “பூச்சரத்து நூலு... வெத்தலக் காம்பு... இப்ப இந்த எலுமிச்சம்பழம்...” குரல் இறங்கிக்கொண்டே போனது. “தைப்பூசத்துல ஒன் பால்குடத்துக் கயிறு.”

“ஐயோ முருகா!” என்று அக்கா நெஞ்சில் கைவைத்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “அப்ப கோயில்ல மிருதங்கம்? அதுவும் மாட்டுத்தோலுதானேக்கா?” என்று கேட்டேன். அக்கா பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி அங்கேயே பொசுங்கிவிட்டது. இன்றுவரை யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

“மிஷினுக்கு முன்னாடி வச்சிட்டாரேடி. வேணாம், வேற நாள் பாரு,” என்றார் அக்கா.

தேவி மிஷினைப் பார்த்தாள். மூலையில் குவிந்திருந்த துணியைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. ஒன்பது நாள் பட்டினியை நான் ஒன்பது எலும்பால் அடித்துவிட்டேன்.

“வேற நாள் கெடயாதுக்கா. தீவாளி காத்துக்கிட்டு இருக்காது,” என்றாள். “அம்மன் கோவிச்சுக்க மாட்டா. அவளுக்கு இவரப் பத்தித் தெரியும். பாய், நீங்க இத எடுத்துருங்க. நாம எல்லாரும் குளிக்கணும்.”

மணி பதினொன்று இருபத்தெட்டு. குளியலறை ஒன்று. ஆட்கள் நான்கு: தேவி, அக்கா, என் மகள் கீர்த்தனா, குற்றவாளி.

தேவி மஞ்சள் தண்ணீரால் பூஜை இடத்தைத் துடைத்து, மிஷினுக்குப் புதிதாகச் சந்தனம் வைத்தாள். குளியல் வரிசை நகர்ந்தது. வெளித் தாழ்வாரத்தில் காதர் பாய் கத்திகளை நாளிதழில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, “பத்து நிமிஷம் இருக்கு!”, “ஏழு நிமிஷம்!” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கடைசியாக ஓடிவந்த என் காதில் சோப்பு நுரை. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கற்பூரம் எரிந்தது. தேவி கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் அவளைக் கும்பிட்டேன்.

மறுநாள் விடியலில் அவள் முதல் தையல் போட்டாள். நான் அறைக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நூல் அறுந்தால் வீட்டைவிட்டு ஓடுவதாகத் திட்டம். அறவில்லை. தீபாவளிக்கு முதல்நாள் கடைசி ரவிக்கையும் போய்ச் சேர்ந்தது. இன்றுவரை மிஷின் ஓடுகிறது.

ஒன்பது கத்திகள் பாய் வீட்டிலேயே தங்கிவிட்டன. ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு, குளித்துவிட்டு வருகிறேன். “நீங்க தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்கன்னுல்ல நான் நெனச்சேன்” என்று பாய் இன்னும் சிரிக்கிறார். என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று மரப்பிடி. இன்னொன்று பிளாஸ்டிக், தேவி தீக்குச்சி உரசி, கருகல் நாற்றம் பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

பூஜையன்று சாயங்காலமே அவள் வீடு முழுக்கச் சோதனை போட்டாள். என் பெல்ட், பர்ஸ், பழைய கோட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, “இது யாரு?” என்று கேட்டாள். ‘என்ன’ இல்லை, ‘யாரு’. அது அப்படியே வீட்டில் ஒட்டிக்கொண்டது. யார் எதை வாங்கி வந்தாலும் கீர்த்தனா அதைத்தான் கேட்பாள்.

போன மாதம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு சாமான் கடைக்கு சோபா வாங்கப் போனோம். பழுப்பு நிறத்தில் ஒன்று. உட்கார்ந்தால் எழ மனம் வரவில்லை. நான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். தேவி வந்தாள், கைப்பிடியைக் கிள்ளிப் பார்த்தாள், கடைக்காரப் பெண்ணிடம் மலாயில் அதையே கேட்டாள்: “இது யாரு?”

அந்தப் பெண் பாவம், என்னைப் பார்த்தாள், தேவியைப் பார்த்தாள்.

நானே எழுந்து நின்று, “மாடு” என்றேன்.

மர நாற்காலி வாங்கிக்கொண்டு வந்தோம். முதுகு வலிக்கிறது.