ஒரு ஜெனரேட்டரும் ஒரு குடலிறக்கமும்

தினமும் காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட், அன்றைக்கென்று பத்தரைக்குப் போனது. நோயாளியின் முதுகில் மயக்க ஊசி போட்டு மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது.

பரளச்சிக்கு அப்பால், கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் மாதத்தில் ஒரு நாள்தான் ஆபரேஷன். மயக்க டாக்டர் மதுரையிலிருந்து அன்றுதான் வருவார். மேசையில் குடலிறக்கத்தோடு தங்கபாண்டி. ஏற்கனவே இரண்டு முறை தேதி வாங்கி, இரண்டு முறையும் நழுவியவர். "இனியும் தள்ளிப்போட்டா உசுருக்கே ஆபத்து" என்று புதிதாக வந்த டாக்டர் கிருஷ்ணப்ரியா சொன்ன பிறகு, மனைவி முருகலட்சுமி கையோடு பிடித்து வந்திருந்தாள்.

"ஜெனரேட்டரைப் போடுங்க!"

ஆயா காளீஸ்வரி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "உறுமக்கூட மாட்டேங்குது டாக்டரம்மா."

இருட்டில் தங்கபாண்டியின் குரல் உற்சாகமாக வந்தது. "விடுங்க டாக்டரம்மா, அடுத்த மாசம் பாத்துக்கிடலாம். நான் போறேன்." எழப் பார்த்தார். "ஐயையோ, என் காலு ரெண்டும் எங்க?"

"ரெண்டு மணி நேரத்துக்கு அது உங்க காலு இல்ல. படுங்க" என்றார் மயக்க டாக்டர்.

வெளியே இருந்த சொந்தக்காரர்களிடம் வெளிச்சத்துக்குச் செல்போன் கேட்டார் கிருஷ்ணப்ரியா. போனை மட்டும் தர யாருக்கும் மனமில்லை. எட்டுப் பேரும் போனோடு உள்ளே வந்தார்கள். ஒருவர் சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட, "மாமா, பயப்படாதீக!" என்று மேசைக்கு மேலே நீட்டிய போனில் ஒரு மச்சான் அழுதார்.

எல்லோரையும் விரட்டிவிட்டு ஜன்னலைத் திறந்தார்கள். கரிசல் புழுதி வந்து கத்திகளின் மேல் படிந்தது. அவற்றை மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். அதற்கும் கரண்ட் வேண்டும்.

சுவரில் 'மெக்கானிக்' என்று எழுதியிருந்த எண்ணை அழுத்தினார் கிருஷ்ணப்ரியா. வராந்தாவில் மணி அடித்தது.

"அவுக ஆபரேஷன்ல இருக்காக. சாயங்காலமா கூப்பிடுங்க."

முருகலட்சுமியின் குரல் போனிலும் கேட்டது, கதவுக்கு வெளியிலும் கேட்டது.

டாக்டர் மெதுவாக மேசைப் பக்கம் திரும்பினார். தங்கபாண்டி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்துப்பட்டுல நான் ஒருத்தன்தான் மெக்கானிக்கு" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா இப்பத்தான் எனக்குக் காலில்லையே."

"கை இருக்கில்ல? நீங்க சரி பண்ணலேன்னா, ஒத்தைத் துணியோட இதே கோலத்துல ஆட்டோவுல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவேன்."

ஸ்ட்ரெச்சரோடு வெயிலுக்குத் தள்ளிப் போனார்கள். கூச்சத்தில் கண்ணை இறுக மூடியபடியே தங்கபாண்டி ஜெனரேட்டருக்கு அடியில் கையை விட்டார். ஒரு ஒயர், ஒரு முறுக்கு. டபடபவென்று ஓட ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கை கழுவும்போது கிருஷ்ணப்ரியாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்னா திறமை! கண்ணைத் திறக்காமலே கோளாறைக் கண்டுபிடிச்சிட்டாரே!"

காளீஸ்வரி தரையைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"கண்டுபிடிக்க என்ன இருக்கு டாக்டரம்மா? 'நாளைக்கு ஆபரேஷன் நடக்கக் கூடாது தாயி'ன்னு நேத்து அவுக அந்த ஒயரைக் கழட்டும்போது, டார்ச்சு அடிச்சதே நான்தான!"