நீங்கள் புகழ்ந்த கழுகு விஷயமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி தோக்தாசின் அவர்களுக்கு,

பைன் காட்டுக் காவலன் ஒராஸ்பெக் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் ஆடுகள் நலமா? மாடுகளும் குதிரைகளும் நலமா? அவற்றுக்குப் பிறகு நீங்களும் சம்பந்தியம்மாளும் நலமா? இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகள் மெருயெர்த் மருமகளாக வந்ததிலிருந்து என் மனைவி ரபிகாவின் கோபத்தில் பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு நீங்கள் காரணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம் வந்திருந்தீர்கள். வழக்கப்படி மூத்த விருந்தாளிக்குரிய வெந்த ஆட்டுத்தலையை உங்கள் முன்னால் வைத்தோம், நீங்களும் காதை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள், எல்லாம் முறையாக நடந்தது. அதோடு விட்டிருக்கலாம். நான்தான் சும்மா இராமல், "வாங்க சம்பந்தி, எங்க சரணாலயத்துக் கழுகப் பாத்துட்டுப் போங்க" என்று உங்களை மணல் மேட்டுக்கு இழுத்துப் போய்த் தொலைநோக்கியைக் கையில் கொடுத்தேன். பைன் மர உச்சியில் ராஜக் கழுகு குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு நீங்கள், "என்ன அழகு சம்பந்தி, இது மாதிரி ஒண்ணு வீட்ல இருந்தா மனுஷனுக்கு வேற என்ன வேணும்" என்றீர்கள். சம்பந்தி வாய்விட்டுப் புகழ்ந்ததைக் கையோடு கொடுத்தனுப்பாதவன் நம்மில் உண்டா? ஆட்டைப் புகழ்ந்திருந்தால் ஆடு, கம்பளத்தைப் புகழ்ந்திருந்தால் கம்பளம். நீங்கள் புகழ்ந்ததோ அரசாங்கத்துக் கழுகு.

உங்களை வெறுங்கையோடு வண்டியேற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன், ரபிகா பிடித்துக்கொண்டாள். "பொண்ணக் குடுத்த மனுஷன் வாய்விட்டுச் சொல்லிட்டுப் போறாரு, நீங்க பல்லக் காட்டிட்டு நிக்கிறீங்க. அந்தப் பொண்ணு மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது?" மறுநாளே எங்கள் சரணாலய இயக்குநரிடம் போய், கூட்டிலிருந்து விழுந்த இறகு ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஒராஸ்பெக், காவல் காக்கிறவனே எறகுக்கு அலைஞ்சா திருட வர்றவனுக்கு நான் என்ன பதில் சொல்றது" என்றார். சரி, படமாவது பிடித்துச் சட்டம் போட்டு அனுப்பலாம் என்று மருமகளின் போனை வாங்கிக்கொண்டு, பறவை பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டிய மறைகுடிலில் விடியற்காலையில் போய் உட்கார்ந்தேன், கொசு பிடுங்கியது, கழுகு வந்தது, அமுக்கினேன், அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பசு ஜன்னலில் தலையை நீட்டியது. அதன் மூக்கு படத்தில் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. பிறகு தச்சரிடம் பைன் கட்டையில் ஒரு கழுகு செதுக்கித் தரச் சொன்னேன். வாத்து வந்தது. "கழுகு ஒக்காந்தா இப்பிடித்தான் இருக்கும்" என்று சாதிக்கிறார். ரபிகா அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் குடிலில் உட்கார்ந்திருந்த காலைகள் நன்றாகத்தான் இருந்தன. வானம்பாடி தலைக்கு மேலே ஓயாமல் பாடும். வெயில் ஏற ஏற மணலும் பைன் பிசினும் மணக்கும். குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்க்கும், பயந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சும் நிறையும். அரசாங்கச் சட்டம் கிடக்கட்டும், அதை நான் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆகவே கழுகுக்குப் பதிலாக என் செங்குதிரைக் குட்டி தோரியை அனுப்புகிறேன். கடுங்குளிரில் பிறந்து என் கோட்டுக்குள் பிழைத்த குட்டி. சீட்டி அடித்தால் புல்வெளியின் மறுகோடியிலிருந்து ஓடி வரும். இதற்கு மேல் எழுதினால் மனசு மாறிவிடும். லாரியில் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது.

உங்கள் கொட்டில் நிறைந்திருக்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், சம்பந்தியம்மாளின் முழங்கால் வலி எதிரிகளுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
இனி உங்கள் முன் தலைநிமிர்ந்து நிற்கக்கூடிய சம்பந்தி
ஒராஸ்பெக்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மெருயெர்த் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. பனிக்காலத்துலேர்ந்தே எல்லாம் மங்கல்தான். ஆபரேஷன்னா பயம், அதான் யார்கிட்டயும் மூச்சு விடல. எதக் காட்டினாலும் என்ன அழகுன்னுடுவாரு. அன்னிக்குச் சித்தப்பா வீட்டு வைக்கோல் போரப் பாத்து நல்ல ஒட்டகம்னு தட்டிக் குடுத்தாரு" என்கிறாள். சம்பந்தி, குட்டியை இறக்கிவிட்டேன். ரபிகாவே கயிற்றைப் பிடித்துக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனாள். கடிதம் மட்டும் வருகிறது. மாவட்ட ஆஸ்பத்திரியில் மெருயெர்த் உங்களுக்கு நாள் குறித்துவிட்டாள். நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பயப்படாதீர்கள். கண் கட்டைப் பிரித்ததும் நேரே இங்கே வாருங்கள். குஞ்சு பறந்து போவதற்குள் அந்தக் கழுகை நீங்கள் ஒரு தடவையாவது பார்த்தே ஆகவேண்டும். பார்த்துவிட்டு வாயை மட்டும் திறக்காதீர்கள்.