ஒற்றைச் சேவல் வம்சம்

கலப்பில்லாதவர் என்று ஒரு ரகம் மனிதர் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் வாங்கினால் மோந்து பார்ப்பார், பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பார், புதுசாக ஓர் ஆள் வந்தால் பேரைக் கேட்பார், அப்பன் பேரைக் கேட்பார், ஊரைக் கேட்பார், ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார், தெரு தெரிந்த பிறகுதான் அந்த ஆளை உட்காரச் சொல்வதா நிற்க வைப்பதா என்று முடிவு செய்வார். தெருவாம் தெரு! கப்பலேறி வந்து ஒரு தலைமுறை ஆச்சு, எல்லாரும் குடியிருப்பது ஒரே லயத்து வரிசை வீடு, பிடிப்பது ஒரே குழாய்த் தண்ணி. ஆனாலும் அவருக்குத் தெரு வேண்டும்.

கோலா கிளாவாங் மலைரோட்டில் இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்தில் இந்த ரகத்துக்கு வீரமுத்து என்று பெயர். அவர் அப்பா கங்காணி. ஊரிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு வந்தபோது, ஒரு கூடையில் கருங்கால் கோழியும் பிடித்துக்கொண்டு வந்தார். கால் கறுப்பு, அலகு கறுப்பு, உடம்பு செம்மண் நிறம். மலாயாவில் வேறு எவனிடமும் இந்தச் சாதிக் கோழி கிடையாது, அதே கப்பலில் வந்த இன்னொரு கூடையைத் தவிர. அந்தக் கூடையைப் பற்றி வீரமுத்து பேசமாட்டார்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுக்கு எவனும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டு, கேட்டில் துப்பாக்கியோடு போலீசையும் நிறுத்தினார்கள். வெளியே பால் வெட்டப் போகிறவன் ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். நாங்கள் வயிறெரிந்தோம். வேலியைப் பார்த்துக் கும்பிட்டவர் வீரமுத்து ஒருத்தர்தான்.

"இனிமே காட்டுச் சேவல் உள்ளே வராது லா. அவனும் கம்யூனிஸ்டு மாதிரிதான். பொழுது சாய்ஞ்சா வருவான், நம்ம பொட்டையைக் கெடுத்துட்டுப் போயிடுவான்."

சேவலுக்கு இறக்கை உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. இருந்தும் அவரே யோசித்து, வேலிக்குள் இன்னொரு வேலி கட்டி, மேலேயும் கம்பி அடித்து, பூட்டும் போட்டார். உள்ளே ஒரே ஒரு பெரிய சேவல், அத்தனை பொட்டைக்கும் அதுதான். குஞ்சில் சேவல் தலையெடுத்தால் குழம்பு, பொட்டை தலையெடுத்தால் அதற்கும் அதே பெரிய சேவல்.

பக்கத்து வீட்டு ராக்கம்மாவுக்கு வாய்க்கு வேலி போடத் தெரியாது. ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"ஏண்ணே, இந்தப் பொட்டைக்கு அந்தச் சேவல் என்னா முறை வேணும்?"

"மாமன் முறை. நம்மகிட்டே எல்லாம் முறைப்படித்தான்."

"மாமனா? அதோட ஆத்தாளுக்கும் இவன்தானே புருசன்? அப்ப அப்பன் முறையில்லே ஆவுது!"

"கோழிக்கு ஏது புள்ளே அப்பன்?"

"அப்பனே இல்லேன்னா சாதி மட்டும் எங்கேருந்துண்ணே வந்துச்சு?"

வீரமுத்துவுக்கு அந்த நேரம் பார்த்து வெற்றிலை துப்ப வேண்டியிருந்தது.

வருசம் போகப் போக, பொரிக்கிற குஞ்சுக்கெல்லாம் கால்விரல் கோணிக்கொண்டது. நாமாக இருந்தால் பயப்படுவோம். கலப்பில்லாதவர் பயப்படுவாரா? "அதுதான் சாதி அடையாளம்" என்றார். அலகு மேலும் கீழும் ஒட்டாமல் போனது. "கண்டதைக் கொத்தாது பாரு, சாதிப் புத்தி." முட்டை பாதிக்கு மேல் கூமுட்டையாகப் போனது. "நல்ல சாதி கொஞ்சமாத்தான் பெருகும், எலிதான் வதவதன்னு போடும்." இப்படிக் குறைக்கு ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டே வந்தவர், கடைசியில், ஏதோ தெய்வ குற்றம்போல நேரான விரலோடு பிறந்து நன்றாக ஓடியாடித் திரிந்த ஒரு பொட்டையைப் பிடித்து, "இது கலப்பு" என்று சொல்லி வேலிக்கு வெளியே எறிந்தார். ராக்கம்மா எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் முட்டை தின்னட்டும் என்று.

அப்போதுதான் மம்பாவிலிருந்து மாயாண்டி வந்தார். அந்த இன்னொரு கூடைக்காரரின் மகன். பஸ்ஸில் வந்து, கேட்டில் பேர் கொடுத்துவிட்டு, கக்கத்தில் ஒரு சேவலோடு வீரமுத்து வாசலில் நின்றார். நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும், உட்காரச் சொல்ல ஆளில்லை. சேவலென்றால் சேவல்! கால் தார் பூசினமாதிரி, மிதித்தால் மண் பதிகிறது.

"எங்க பக்கம் சீக்கு வந்து எல்லாம் போயிடுச்சு வீரமுத்தண்ணே. இவன் ஒருத்தன்தான் மிச்சம். உங்ககிட்டே பொட்டை இருக்கு. உங்க ரத்தமும் எங்க ரத்தமும் சேர்ந்தாத்தான் கருங்கால் நிக்கும். இல்லாட்டி நம்ம ரெண்டு பேரோட இந்தச் சாதியே அத்துப்போயிடும்ணே. இவனை வெச்சுக்குங்க, சும்மாவே வெச்சுக்குங்க."

வீரமுத்து சேவலை வாங்கி, இறக்கையை விரித்து, காலைத் தடவிப் பார்த்தார். கண்ணில் ஆசை தெரிந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், மனுசன் இளகிவிட்டார் என்றே நினைத்தேன்.

"சேவல் நல்ல சேவல்தான்" என்றார். "ஆனா உன் வீட்டுலே வளர்ந்தது."

"அதுக்கு என்னாண்ணே?"

"உன் வீட்டுச் சோத்தைத் தின்னிருக்கு இல்லே?"

மாயாண்டி சேவலை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். அங்கே மலாய்க்காரப் போலீஸ் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். "ஆயாம் தா போலே கெலுவார்!" கோழி வெளியே போகக் கூடாதாம். உள்ளே வரும்போது அது சேவல், வெளியே போகும்போது அது கம்யூனிஸ்டுக்குச் சாப்பாடு. சட்டம் அப்படி. மாயாண்டி கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை.

"இங்கே குடுங்கண்ணே, எங்கிட்டே ஒரு பொட்டை சும்மாத்தான் திரியுது" என்று பின்னாலேயே வந்து கையை நீட்டினாள் ராக்கம்மா.

பிறகு என்ன? ராக்கம்மா வீட்டு வாசலெல்லாம் கருங்கால் குஞ்சு. அடுத்த மழைக்கு, மம்பாவுக்கு வந்த வெள்ளைக்கழிச்சல் எங்கள் லயத்துக்கும் வந்தது. ராக்கம்மா வீட்டில் பாதி செத்தது, பாதி தள்ளாடி எழுந்து நின்றது. வீரமுத்து வீட்டில் எல்லாம் ஒரே ரத்தம். ஒன்றைச் சாய்த்த சீக்கு எல்லாவற்றையும் சாய்த்தது, பெரிய சேவலையும்தான். காலி வேலிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த மனுசன் தேம்பித் தேம்பி அழுதார். அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை.

ராக்கம்மாவுக்கும் பொறுக்கவில்லை. ஒரு ஜோடியைக் கொண்டுவந்து அவர் மடியில் விட்டாள். "எடுத்துக்குங்கண்ணே. உங்க பொட்டை வயித்துலே பொறந்ததுங்கதான்."

வீரமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு காலைப் பார்த்தார். கறுப்பு. அலகைப் பார்த்தார். கறுப்பு. முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு விரலைப் பிரித்துப் பார்த்தார். நேராக இருந்தது.

"கலப்பு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்றைக்கும் அந்த வேலியைக் கூட்டிப் பெருக்கி, பூட்டுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறார். உள்ளே கலப்பு கிடையாது. கோழியும் கிடையாது.

நீங்கள் சிரித்திருப்பீர்கள், சிரிக்கத்தானே எழுதினேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். மாயாண்டி என்ன சாதி என்று நான் எங்கேயும் எழுதவில்லை. வீரமுத்து அவரை நிற்க வைத்த இடத்தில், இந்த ஆள் என்னவாக இருக்கும் என்று உங்கள் மனசு ஒரு தடவை துழாவிப் பார்த்ததா, இல்லையா?

என்னிடம் சொல்ல வேண்டாம்.